அம்மா சொல்லி முடிப்பதற்குள்

என் அம்மாவிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பிப் போனவர்கள் எங்கள் தெருவில் குறைவு. மலையாளம் பேசும் ஊரில், கிழக்கேகோட்டையில் கோயிலை ஒட்டிய அக்ரஹாரத் தெருக்களில் ஒன்று அது. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்; ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து ‘நூறு’ என்று குரல் வரும். எதிர்வீட்டு மாமி ஒருநாள் வாசலில் நின்று, “மாமி, உங்காத்து சாம்பார் வாசனை எங்காத்து வரைக்கும் வரதே” என்றாள். வாக்கியம் முடியவில்லை. “வாசனை வரட்டும். நீ வராம இருந்தா மதி” என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். மாமி எப்படியும் வந்தாள், சாம்பாரும் வாங்கிக்கொண்டு போனாள்.

மதி என்றால் எங்களுக்கு ‘போதும்’ என்று அர்த்தம். மலையாளச் சொல் அது. ஆனால் அம்மாவிடம் போய் அப்படிச் சொன்னால், “அப்போ போதும்னு நீ சொல்லிக்கோ, யார் வேண்டாம்னா?” என்பாள். அவளுக்கு அது வீட்டுச் சொல். மலையாளம் எங்கே முடிகிறது, தமிழ் எங்கே தொடங்குகிறது என்று அவள் பார்த்ததே இல்லை. அரசு அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை தட்டச்சு வேலை. விரல் வேகம், நாக்கு அதைவிட வேகம். அவளுடைய பதில்களில் பெரிய அறிவாளித்தனம் ஒன்றும் கிடையாது, உண்மையைச் சொல்லவேண்டும். அவை வந்து சேரும் நேரம்தான் விசேஷம். அதே பதிலை ஒரு நிமிஷம் கழித்துச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்த அம்மாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். தொண்டையில் கட்டி வந்தது, வேறு வழி இல்லை என்றார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது அவள் கழுத்தில் இருக்கும் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறாள். மேலே ஒரு வெள்ளைத் துணி தொங்கும். உதடு அசையும், சத்தம் வராது. வாழ்நாள் முழுக்க என்னைப் பார்த்து “மிண்டாம இரு” என்று சொன்னவள், அதாவது பேசாமல் இரு என்று, அவளே மிண்ட முடியாமல் ஆனாள். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அது பேசும் சத்தத்தைக் கேட்டு, ஓட்டோ ரிக்‌ஷா ஸ்டார்ட் பண்ணுவதுபோல் கையை முறுக்கிக் காட்டினாள் அம்மா, அவ்வளவுதான், அது அலமாரிக்குப் போயிற்று. எழுதிக் காட்ட வாங்கிவந்த சிலேட்டைத் தொடக்கூட மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அப்போதுதான் நான், இருக்கட்டும், நானே ஒன்று செய்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

நான் கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இணையப் பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுவது என் பிழைப்பு. வீட்டில் ஒரு பழைய டேப்லெட் கிடந்தது. அதில் ஓடும் ஒரு பக்கம் எழுதினேன். அம்மா ஆங்கில எழுத்தில் தட்டுவாள். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே தமிழில் சொற்கள் வரிசையாக வரும். வேண்டியதைத் தொட்டு, ‘பேசு’ என்ற பொத்தானை அழுத்தினால் டேப்லெட் அதைக் குரலில் சொல்லும். அவள் அதிகம் பயன்படுத்தும் சொல் முன்னால் வரும். இல்லாத சொல்லை அவளே சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் சில நாள் நன்றாகவே போயிற்று. பிறகு சொற்கள் சேரச் சேர அது நொண்ட ஆரம்பித்தது. அம்மா ஒரு எழுத்தைத் தட்டுவாள், திரை அப்படியே நிற்கும். அவள் விரல் அடுத்த எழுத்துக்குப் போய்விடும், திரை இன்னும் முந்தைய எழுத்தில் இருக்கும். பிறகு எல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். அம்மா திரையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். அலுவலகத்தில் மெதுவாக டைப் அடிக்கும் புதுப் பெண்களை அவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

எதிர்வீட்டு மாமி ஒருநாள் வந்தாள். வழக்கம்போல வம்புக்கு இழுக்கத்தான். பாவம், அவளுக்கும் இந்தப் பேச்சு இல்லாமல் போரடித்துப் போயிருந்தது. “மாமி, இன்னிக்கு சாம்பார் வாசனையே இல்லையே, சமையல் கட்டுக்கு லீவா?” என்றாள். அம்மாவின் கண்ணில் பழைய வெளிச்சம். தட்டினாள். திரை நின்றது. மாமி கொஞ்சம் காத்திருந்தாள், பிறகு பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு, வடக்குத் தெருவில் ஒரு வயதானவர் காலமான செய்தியை ஆரம்பித்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம், பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறானாம். அப்போதுதான் டேப்லெட் கணீரென்று சொன்னது: “வாசனை வரட்டும். நீ வராம இருந்தா மதி.”

மாமி நல்லவள். சிரிக்கப் பார்த்தாள். அம்மா டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அதைத் தொட அவளுக்கு மனமே வரவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள், இல்லையென்றால் கையை விரிப்பாள். மாமி வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள்.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். நோய்க்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. அடுத்த அறையில் அவள் மூச்சு துளை வழியாகப் போய் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். கொஞ்சம் மாறினால் எழுந்து போய்ப் பார்ப்பேன். அவள் கண்ணைத் திறந்து, என்ன என்று புருவத்தை உயர்த்துவாள். ஒன்றுமில்லை என்று திரும்புவேன். அலுவலகத்தில் மீட்டிங்கில் இருக்கும்போது, இப்போது அவளுக்கு ஏதாவது என்றால் யாரை எப்படிக் கூப்பிடுவாள் என்று தோன்றும். தோன்றிவிட்டால் அதற்குப் பிறகு மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள்.

இதற்கு நான் கண்டுபிடித்த உபாயம், அவளுக்காக நானே பேசுவது. பால்காரர் கேட்டால் நான் சொல்வேன். பில் கொண்டுவருபவர் கேட்டால் நான் சொல்வேன். அம்மாவின் உதடு பிரிந்ததுமே எனக்குத் தெரிந்துவிடும், அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன், பதில் என் வாயிலிருந்து வந்துவிடும். இத்தனை வருஷம் கூடவே இருந்தவளுக்கு அம்மா என்ன சொல்வாள் என்று தெரியாதா?

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை டாக்டர் அம்மாவை உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அம்மைக்கு எங்ஙன உண்டு?” அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று, எதிரில் உட்கார்ந்திருக்கும் மனுஷியைப் பற்றி, அவள் இல்லாதது மாதிரி. அவர் மேல் தப்பில்லை, பதில் வரும் பக்கம்தானே யாரும் திரும்புவார்கள். அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுமந்து வந்தேன். அடுத்த பரிசோதனைக்குள் இந்தப் பாழாய்ப்போன நிரலைச் சரி செய்தே ஆகவேண்டும், டாக்டரிடம் அம்மா தானே பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். இல்லாவிட்டால் அவள் இப்படியே, உயிரோடு இருக்கும்போதே, பேச்சிலிருந்து நழுவிப் போய்விடுவாள்.

இனி கொஞ்சம் என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். பயப்படவேண்டாம், சுருக்கமாகவே சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளை ஸ்கிரிப்ட் மொழி என்பார்கள். எழுதியதை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றி வைக்காமல், ஓடும்போதே படித்துப் படித்து நடத்துவது. அதனால் சோம்பல் நடை. ஆனால் இப்போதைய ப்ரௌசர்களுக்குள் கம்பைலர் என்ற மொழிமாற்றி ஒன்று உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடினால், இங்கே இதுவரை வந்ததெல்லாம் இந்த மாதிரிதான், இனியும் அப்படியே வரும் என்று அனுமானித்து, அதற்கென்று ஒரு குறுக்கு வழி தயாரித்து வைத்துக்கொள்ளும். அனுமானம் பலிக்கிறவரை பறக்கும். ஒருமுறை வேறு மாதிரி ஏதாவது வந்தால் குறுக்கு வழியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி பழைய நடைக்கு வந்துவிடும். ஆகவே கம்பைலரின் உதவி வேண்டுமென்றால் நாம் கொடுக்கும் சாமான் எப்போதும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. அலுவலகத்தில் மற்றவர்களுக்கு நானே பிரசங்கம் செய்திருக்கிறேன். ஊருக்கு உபதேசம்.

என் நிரல் ஏன் நொண்டுகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. எங்கெங்கோ கைவைத்தேன். சொற்களைத் தேடும் முறையை மாற்றினேன், திரையில் எழுதுவதைக் குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பரிசோதனை நாள் நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருப்பேன். எதிரில் அம்மாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள், ஆனால் நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மானத்தை விட்டு, மதிய இடைவேளையில் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினேன். என்னைவிட இளையவர், நெய்யாற்றின்கரைக்காரர், வாய் ஓயாத ஆள். நிரலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“சேச்சீ, இதில ஓரோ வாக்கும் ஓரோ ஜாதியாணல்லோ.”

அக்கா, இதில் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு ஜாதி என்கிறார். எனக்குக் காது சூடாயிற்று. அக்ரஹாரத்திலிருந்து வருகிறவள் என்று அவருக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் சொன்னார். ஆனால் உண்மை. தமிழ்ச் சொற்களை நான் முதலில் சேர்த்தேன். சொல், அதன் உச்சரிப்பு, எத்தனை முறை வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று அறைகள், அவ்வளவுதான். பிறகு அம்மா மலையாளச் சொற்களைக் கலப்பதைப் பார்த்து, அவற்றுக்கு மட்டும் மொழி என்று ஒரு அறையைப் பின்னால் ஒட்டினேன். இரண்டு மொழியிலும் இருக்கும் சொற்களுக்கு இன்னொரு அறை. அம்மா தானாகச் சேர்த்தவற்றில் அறைகளின் வரிசையே வேறு. பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். கம்பைலருக்கு அப்படி இல்லை.

“எல்லாரெயும் ஒரே பந்தியில் இருத்தூ சேச்சீ” என்றார் அவர், எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவையுங்கள் என்று.

எங்கள் ஊரில் சத்ய, அதாவது இலை போட்ட விருந்து, சாப்பிட்ட எவருக்கும் இது உடனே புரியும். பந்தியில் இலையின் நுனி எல்லோருக்கும் இடது பக்கம். ஊறுகாய்க்கு ஒரு இடம், தோரன் என்ற பொரியலுக்கு ஒரு இடம். பரிமாறுகிறவர் குனிந்தபடி வாளியோடு போய்க்கொண்டே இருப்பார், இலையைப் பார்க்கவே மாட்டார், கை தானாகப் போகும். யாராவது ஒருத்தர் இலையைத் திருப்பிப் போட்டிருந்தால் அங்கே நிற்கவேண்டும். ஆளுக்கு ஒரு மாதிரி இலை போட்டிருந்தால் சாம்பார் கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும்போது ரசத்துக்கு நேரமாகியிருக்கும். அம்மா ஒரு எழுத்தைத் தட்டும்போதெல்லாம் என் நிரல் ஆயிரக்கணக்கான இலைகளுக்கு முன்னால் நின்று நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் அப்படி மொழி பார்த்துப் பிரித்தேன் என்று யோசித்தால், அது வேறு யாரும் செய்யக்கூடிய தப்பு அல்ல, எங்களைப் போன்றவர்கள் மட்டும்தான் செய்வோம். நான் படித்தது மலையாளப் பள்ளி. அங்கே வாய் தவறி ஒரு வீட்டுச் சொல் வந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். திருநெல்வேலிக்கு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால் அங்கே, “என்ன தமிழ்டி இது?” என்று சிரிப்பார்கள். சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு சொல்லையும் நாக்கு நுனியில் நிறுத்தி, நீ எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் வெளியே விடுவேன். அந்தப் பழக்கம் நிரலுக்குள்ளும் போய்விட்டது.

அதோடு நின்றேனா? மலையாளச் சொல்லை மலையாளக் குரல் சொல்லட்டும் என்று இரண்டு குரல்கள் வைத்திருந்தேன். அம்மா, ‘நேக்கு மோர் மதி’ என்று தட்டினால் ஒரு பெண் ‘நேக்கு மோர்’ என்பாள், கொஞ்சம் மௌனம், பிறகு இன்னொரு பெண் ‘மதி’ என்பாள். அம்மா முதன்முதலில் அதைக் கேட்டதும் தட்டினாள்: “இது யாரு நடுவுல?”

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு மொழியிலும் உள்ள சொல்லைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, தமிழா மலையாளமா என்று கேட்கும். எங்கள் வீட்டுத் தமிழில் எனக்கு என்பது நேக்கு, உனக்கு என்பது நோக்கு. மலையாளத்தில் நோக்கு என்றால் பார். அம்மா வாயைத் திறந்தால் நோக்கு வராமல் இருக்காது: நோக்கு ஒண்ணும் தெரியாது, நோக்கு எதுக்கு, நோக்கு வேற வேலை இல்லையா. ஒவ்வொரு தடவையும் பெட்டி வரும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் அவள் நிதானமாகத் தட்டினாள்: “எங்காத்துல என்ன பாஷைன்னு நோக்கே தெரியலையா?” நோக்கே என்ற இடத்தில் பெட்டி எழும்பி, தமிழா மலையாளமா என்று கேட்டது.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். மொழி என்ற அறையை எடுத்துவிட்டேன். எல்லாச் சொல்லுக்கும் பிறக்கும்போதே ஒரே அறைகள், ஒரே வரிசை. எண்ணிக்கை இல்லையென்றால் பூஜ்யம், ஆனால் அறை இருக்கும். எண்ணிக்கையை டேப்லெட்டில் சேமித்துத் திரும்ப எடுக்கும்போது அது எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்துகொண்டிருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் இரண்டுக்குப் பதில் பதினொன்று. அதனால்தான் ‘மிண்டாம’ என்ற சொல் காரணமே இல்லாமல் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது. அம்மாவின் கோபம்தான் நிரலுக்குள் ஏறிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். எண்ணை எண்ணாக்கினேன். இரண்டு குரலை ஒன்றாக்கினேன். பெட்டியைத் தூக்கி எறிந்தேன். நோக்கு என்றால் நோக்கு, கேட்கிறவர் புரிந்துகொள்ளட்டும்.

ஓடவிட்டேன். எழுத்தைத் தொட்டதும் சொற்கள் வந்து நின்றன. நான் நம்பவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படியே. சந்தோஷப்பட வேண்டியவள் எதை நினைத்துக் கவலைப்பட்டேன் தெரியுமா? வேகம் வந்தது ஒரு அனுமானத்தின் மேல். எதிர்பாராத ஏதாவது ஒன்று வந்தால் டாக்டர் அறையில், எல்லோர் முன்னாலும், மறுபடி நின்றுவிட்டால்? அப்புறம் அம்மா அதை ஜன்மத்துக்கும் தொட மாட்டாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு டேப்லெட்டை அவள் கைக்கெட்டும் தூரத்தில், சாதாரணமாக வைப்பதுபோல வைத்தேன். நான் கரண்டியில் சாதத்தை எடுத்து அவள் தட்டின் மேல் கொண்டுபோவதற்குள் குரல் வந்துவிட்டது: “சாதம் வேண்டாம். மோர் மதி.”

கரண்டி அப்படியே நின்றது. ஒரே குரல், ஒரே மூச்சு, நடுவில் யாரும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மா, வந்துடுத்து! பாத்தியா?” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், ஏதோ தட்டப்போனாள், நான் அதற்குள் எழுந்து ஓடி, எதையும் மாற்றிவிடாமல் நிரலை இன்னொரு இடத்தில் பத்திரப்படுத்தினேன். அந்த வாரம் முழுக்க ஒரு எழுத்தைத் தட்டினாலே முதலில் மோர் வந்தது, அடுத்தது மதி. நன்றாகக் கற்றுக்கொள்கிறது என்று பெருமைப்பட்டேன். சொல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்த்தேனே தவிர, என்ன சொல் வருகிறது என்று கேட்கவில்லை.

பரிசோதனைக்குப் போகும் ஓட்டோவில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது, பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்தேன். சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே சார்ஜ் இறங்கியது. காத்திருக்கும் இடத்தில் அம்மாவிடம், “இன்னிக்கு நீயே பேசு, என்ன? நான் வாயே திறக்க மாட்டேன்” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் குரல் தேவைப்படவில்லை.

உள்ளே போனோம். டாக்டர் காகிதங்களைப் புரட்டியபடி, பழக்கத்தில் என் பக்கமே திரும்பிக் கேட்டார்.

“இறக்கான் புத்திமுட்டு வல்லதும் உண்டோ?”

விழுங்குவதற்குச் சிரமம் ஏதாவது உண்டா என்கிறார். சற்று முன்தான் வாக்குக் கொடுத்தவள் நான். ஆனால் கேள்வி என் முகத்தைப் பார்த்து வந்தது, பதில் என் வாயில் தயாராக இருந்தது.

“இல்லா டாக்டர். நன்னாயிட்டு கழிக்குன்னுண்டு” என்றேன். நன்றாகச் சாப்பிடுகிறாள்.

நான் முடித்தேனோ இல்லையோ, பக்கத்திலிருந்து, அறை முழுக்கக் கேட்கும்படி, குரல் எழுந்தது.

“நோக்கு.”

அம்மாவுக்குக் கோபம் வந்தால் முதல் சொல்லைத் தனியாக வெட்டிப் போடுவாள், பிறகுதான் மிச்சம் வரும். அந்த வழக்கப்படியே முதல் சொல்லை மட்டும் தட்டி, ‘பேசு’ பொத்தானை அழுத்திவிட்டாள். மிச்சம் எனக்கு மனப்பாடம்: நோக்கு என்ன தெரியும்? திட்டு எனக்கு. ஆனால் டாக்டர் மலையாளி. காகிதத்தை வைத்துவிட்டு, முதல் தடவையாக என்னை விட்டு அம்மாவின் பக்கம் முழுவதும் திரும்பினார்.

“நோக்காம் அம்மே” என்றார். “இப்பத்தன்னெ நோக்காம்.”

பார்க்கிறேன் அம்மா, இப்போதே பார்க்கிறேன். எழுந்து விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டார். நர்ஸிடம் குழாயை எடுக்கச் சொன்னார்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இல்லை டாக்டர், எங்கள் தமிழில் நோக்கு என்றால் உனக்கு, அது என்னைத் திட்டினது, நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். இவ்வளவும் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். திரையில் ‘என்ன தெரியும்’ தட்டி முடித்து, பொத்தானுக்கு மேல் அவள் விரல் நின்றிருந்தது. அவளுக்கு இரண்டு பாஷையும் தெரியும், டாக்டர் என்ன புரிந்துகொண்டார் என்பதும் தெரிந்துவிட்டது. அவள் அந்த இரண்டு சொல்லையும் அழித்தாள். புதிதாகத் தட்டினாள், மலையாளத்தில். என் தமிழ்க் குரல் அதை ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னது.

“இறங்ஙுன்னில்லா.”

இறங்கவில்லை. சோறு இறங்கவில்லை, இட்லி இறங்கவில்லை. எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார், அவளிடம்தான். அவள் சொன்னாள். கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, என் அம்மாவைப் பற்றிய செய்திகளை ஒரு அந்நியரோடு சேர்ந்து முதன்முதலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குழாயை விட்டுப் பார்த்தார். உள்ளே வழி சுருங்கியிருக்கிறது, எதனால் என்று பார்க்கவேண்டும், கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் மோரும் இறங்காமல் போயிருக்கும் என்றார்.

நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கவேண்டாம், முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். நோய் திரும்பவில்லை. அறுவைக்குப் பிறகு கொடுத்த கதிர்வீச்சில் புண்ணாகி ஆறிய இடம் இறுகிப்போயிருந்தது. அதை விரித்துவிட்டார்கள், அம்மா இப்போது குழைந்த சாதம் சாப்பிடுகிறாள். ஆனால் அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு நாங்கள் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்திருந்தோம். திரும்பிவிட்டதோ, நாம்தான் விட்டுவிட்டோமோ, எத்தனை வாரம், கண் எதிரிலேயே. அம்மா மடியில் டேப்லெட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைவிட அவள்தான் தைரியமாக இருந்தாள். அதுவும் எனக்குத் தாங்கவில்லை, என் பயமெல்லாம் கோபமாக மாறி அவள் மேலேயே பாய்ந்தது.

“ஏம்மா என்கிட்ட சொல்லலை? தெனமும் எதிர்ல தானே உட்கார்ந்திருக்கேன்? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

அவள் விரல்கள் ஓடின.

“சொல்லிண்டேதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ முந்திண்டே.”

அந்தக் குரல் கோபமாகச் சொல்லவில்லை. அதற்குக் கோபம் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் சொல்லும், நான் வைத்த குரல் அது. எனக்கு முகம் எரிந்தது.

“இல்லம்மா, நீ கஷ்டப்பட வேண்டாமேன்னுதான் நான், நோக்காகத்தானே நான்...”

“மிண்டாம இரு” என்றது டேப்லெட்.

மிண்டாமல் இருந்தேன். அம்மா மேலே தட்டிக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.